கால் எடுத்த பிறகும் விடாத வலி: நரம்பு மாற்று அறுவைக்குப் போகும் முன்னும் பின்னும்

காலையோ கையையோ எடுத்த பிறகு வரும் வலிக்கெல்லாம் "நரம்பு வலி" என்று ஒரே பெயர் வைத்து, பிரீகாபலின் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவது பரவலாக நடக்கிறது. மாத்திரை சிலருக்குப் போதும். போதாதவர்களுக்கு ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பின் நுனியை, பக்கத்துத் தசைக்குள் போகும் சிறு நரம்பு ஒன்றோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மருத்துவர்கள் இதை டிஎம்ஆர் என்பார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்களை மனத்தில் வைத்தே இங்கே எழுதியிருக்கிறோம். தொடையிலோ கையிலோ எடுத்தவர்களுக்கு நரம்புகளின் பெயர் மாறும், முறை மாறாது.

நம் பேச்சில் ரத்தக்குழாயும் நரம்புதான், தசைநாணும் நரம்புதான். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்றால் அது ரத்தக்குழாய். இங்கே சொல்வது உணர்ச்சியை மேலே கொண்டுபோய், கட்டளையைக் கீழே கொண்டுவரும் நரம்பை மட்டும். மருத்துவரிடம் பேசும்போதும் இந்தக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய நரம்பு ஏன் வலிக்கிறது

நரம்பை வெட்டினால் அது செத்துவிடுவதில்லை. வெட்டிய முனையிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில் புதிய இழைகள் கிளம்பும். அவை தேடுவது பழைய பாதத்தை. பாதம் இல்லை, போக வழிகாட்டும் நரம்பு உறையும் இல்லை. அதனால் தழும்புத் திசுவுக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்து, சின்ன வெங்காயம் போல ஒரு முடிச்சாகிவிடும். இதுதான் நியூரோமா. எல்லா முடிச்சும் வலிக்காது. சாக்கெட் (செயற்கைக்காலில் மிச்சக் கால் நுழையும் கிண்ணம்) அழுத்துகிற இடத்தில், தழும்போடு ஒட்டிக்கொண்டு இருக்கிற முடிச்சுதான் பெரும்பாலும் வலிக்கும். தொட்டால் ஷாக் அடிக்கும், இல்லாத விரலுக்குள் சுருக்கென்று ஓடும்.

முடிச்சை வெட்டி, நரம்பை இழுத்து, தசைக்குள் புதைத்து வைப்பது பழைய முறை. சிலருக்கு அது பலித்திருக்கிறது. ஆனால் தனக்கென ஒரு நரம்பு ஏற்கெனவே உள்ள தசை இன்னொரு நரம்பை ஏற்றுக்கொள்ளாது. புதைத்த நரம்புக்கு அங்கே வேலை கிடைக்காமல், மறுபடி முடிச்சாகிவிடுகிறது. டிஎம்ஆர் மாறுபடுவது இந்த இடத்தில்தான். தசையின் சொந்த இயக்க நரம்பை முதலில் வெட்டிவிடுவார்கள். நரம்பில்லாமல் போன அந்தத் தசை புதிய இழைகளை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அலைந்த நரம்புக்குப் போக ஓர் இடம், செய்ய ஒரு வேலை.

சிகாகோவில் டாட் குய்க்கன், கிரெகரி டுமேனியன் இருவரும் 2002 வாக்கில் இதைத் தொடங்கியது வலிக்காக அல்ல, மின்சாரச் செயற்கைக் கையை எண்ணத்தால் இயக்குவதற்காக. வலியும் குறைவது பிறகுதான் தெரிந்தது. டுமேனியன் குழு 28 பேரை இரு பிரிவாக்கி, பழைய முறையோடு இதை ஒப்பிட்டு 2019இல் முடிவை வெளியிட்டது. இல்லாத காலில் தெரியும் வலி டிஎம்ஆர் செய்தவர்களுக்கே நன்றாகக் குறைந்திருந்தது. மிச்சக் காலின் வலியும் அந்தப் பக்கமே அதிகம் குறைந்தது, ஆனால் அறுதியிட்டுச் சொல்ல 28 பேர் போதாது. ஆகவே "வலி முழுக்கப் போய்விடும்" என்று யார் வாக்குக் கொடுத்தாலும் நம்ப வேண்டாம். வலி பாதியானாலே இரவுத் தூக்கமும் செயற்கைக்கால் போட்டு நடப்பதும் திரும்பிவிடும். அந்த அளவை எதிர்பார்த்துப் போவதுதான் சரி.

முதலில் எந்த வலி என்று பிரியுங்கள்

இந்த அறுவை பலிக்காமல் போவதற்கு முக்கியமான காரணம் கத்தியில் இல்லை. நரம்பு முனையிலிருந்து வராத வலிக்கு இதைச் செய்துவிடுவதுதான் காரணம். சாக்கெட் பொருந்தாமல் எலும்பு முனையில் உறுத்தும் வலி, எலும்பில் முள் போல வளர்ந்ததால் வரும் வலி, உள்ளே சீழ் கோத்த வலி, ரத்த ஓட்டம் குறைந்து கொஞ்சம் நடந்ததும் கெண்டைச் சதையில் பிடிக்கும் வலி, இடுப்பில் டிஸ்க் அழுத்தி இறங்கும் வலி என எல்லாமே மிச்சக் காலில்தான் தெரியும். இவற்றில் ஒன்றைக்கூட டிஎம்ஆர் தீர்க்காது.

மருத்துவரைப் பார்க்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். காலை, மாலை, படுக்கும் நேரம் என மூன்று வேளையும் 0 முதல் 10 வரை ஓர் எண் எழுதுங்கள். மிச்சக் காலில் வலி எவ்வளவு, இல்லாத பாதத்தில் எவ்வளவு என்று இரண்டு எண்ணாகப் பிரித்து எழுதுவது அவசியம். செயற்கைக்கால் போட்டிருந்தீர்களா, கழற்றியிருந்தீர்களா என்பதையும் குறியுங்கள். கழற்றியதும் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும் வலி என்றால் முதலில் சாக்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

பிறகு ஒரு பென்சிலை எடுத்து, அதன் ரப்பர் முனையால் தழும்பைச் சுற்றி ஒரு விரல்கடை இடைவெளியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலான இடத்தில் ஒன்றும் இராது. ஓர் இடத்தில் மட்டும் சட்டென்று கரண்ட் பாய்ந்து, இல்லாத சுண்டுவிரலுக்கோ உள்ளங்காலுக்கோ ஓடும். அந்த இடத்தைப் பேனாவால் குறித்து, எங்கே ஓடியது என்று பக்கத்திலேயே எழுதி, போனில் படம் எடுத்து வையுங்கள். உள்ளங்காலுக்கு ஓடினால் பின்பக்க டிபியல் நரம்பு. பாதத்தின் மேல்பக்கம் ஓடினால் பெரோனியல். பாதத்தின் வெளி ஓரம் என்றால் சூரல். உள் கணுக்கால் என்றால் சஃபினஸ். எந்த நரம்பைத் தேட வேண்டும் என்பதற்கு இந்தப் படம் ஸ்கேன் அளவுக்கு உதவும்.

எலும்பு முள்ளைப் பார்க்க எக்ஸ்ரே, முடிச்சைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் இரண்டும் எடுப்பார்கள். ஸ்கேனில் முடிச்சு தெரிந்ததாலேயே அதுதான் வலிக்கிறது என்று ஆகிவிடாது. வெட்டிய நரம்பு ஒவ்வொன்றின் நுனியிலும் ஏதோ ஒரு முடிச்சு இருக்கத்தான் செய்யும். தீர்ப்புச் சொல்வது மரத்துப்போகும் ஊசி. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே சந்தேகப்படும் நரம்பின் பக்கத்தில் லிக்னோகெய்ன் 1 சதவீதம் 2 முதல் 3 மில்லி போட்டு, 15 நிமிடம் கழித்து உங்களை நடக்கச் சொல்ல வேண்டும். ஊசி போட்டதும் படுக்கையிலேயே "குறைந்ததா?" என்று கேட்டு அனுப்பிவிட்டால் அது சோதனையே இல்லை. செயற்கைக்காலைக் கையோடு கொண்டுபோங்கள், போட்டு நடந்து பார்த்து எண்ணைச் சொல்லுங்கள். வலி பாதிக்கு மேல் குறைந்தால் அந்த நரம்பு குற்றவாளி. இல்லாத கால் வலியும் சேர்ந்து குறைந்ததா என்று தனியாகக் கவனியுங்கள். அப்படிக் குறைந்தால் அது நல்ல அறிகுறி. இரண்டு நரம்பில் சந்தேகம் இருந்தால் ஒரே நாளில் இரண்டுக்கும் போடக் கூடாது, தனித்தனி நாளில் போட வேண்டும்.

ஊசியில் கொஞ்சமும் குறையவில்லை என்றால் அறுவையை நிறுத்திவைத்து, மேலே சொன்ன மற்ற காரணங்களைத் தேடுவதுதான் சரியான வழி. ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் அது உங்களை ஒரு வீண் அறுவையிலிருந்து காப்பாற்றுகிறது.

யாரிடம் போவது, என்ன கேட்பது

நுண்ணறுவை செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்குப் போங்கள். பைக் விபத்தில் தோள்பட்டை நரம்பு அறுந்து கை தொங்கிப்போனவர்களுக்கு நரம்பு மாற்றித் தைக்கிறவர்களின் கைப்பழக்கம்தான் இதற்கும் வேண்டும். "எந்தெந்த நரம்பை, எந்தத் தசைக் கிளையோடு தைப்பீர்கள்?" என்று கேளுங்கள். நரம்புக்கு நரம்பு பெயர் சொல்லிப் பதில் வர வேண்டும். "பொருத்தமான கிளை கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்பது இரண்டாவது கேள்வி. கால் எடுத்து எத்தனை ஆண்டு ஆனது என்பது மட்டும் தடையாகாது. ஈழத்தில் கண்ணிவெடியில் கால் இழந்து பல ஆண்டுகள் கடந்தவர்களைப் போன்றோருக்கும், ஊசிச் சோதனை சாதகமாக இருந்தால் இதை யோசிக்கலாம்.

புகை பிடிப்பவர்கள் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பீடியும் சிகரெட்தான், வாயில் ஒதுக்கும் புகையிலையிலும் நிகோடின் இருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள், காயம் ஆறாது என்பதற்காக. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல், அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அறுவை அரங்கில் நடப்பது

தசை இயக்க நரம்பைக் கண்டுபிடிக்க, நரம்பைத் தூண்டும் ஒரு சிறு மின்கருவியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். தசை துடிக்க வேண்டும். அதனால் மயக்க மருத்துவர் நெடுநேரம் நிற்கும் தசைத்தளர்த்தி மருந்தைத் தரக் கூடாது. தொடையில் ரத்தத்தை நிறுத்தக் கட்டும் பட்டையும் அரைமணி நேரத்துக்கு மேல் இருந்தால் நரம்பு பதில் சொல்லாமல் போய்விடும். துடிப்பு வராததற்கு இந்த இரண்டும்தான் வழக்கமான காரணம். அறுவைக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் இதைப் பேசியிருக்கிறார்களா என்று நீங்களும் கேட்கலாம், தவறில்லை.

முதலில் வலி தரும் நரம்பைப் பிடித்து, முடிச்சை வெட்டி எடுத்து, நல்ல திசு வரும்வரை மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே போவார்கள். தழும்பான நரம்பு வெட்டும்போது கெட்டியாக, வெளிறி இருக்கும். நல்ல இடம் வந்ததும் உள்ளே உள்ள இழைக் கட்டுகள் தனித்தனியாக, முளைவிட்டது போல எட்டிப்பார்க்கும். அங்கே நிறுத்த வேண்டும். தழும்பு மீதி இருக்கும்போதே தைத்தால் இழைகள் தாண்டிப் போகாது.

அடுத்து கருவியால் 0.5 முதல் 1 மில்லி ஆம்பியர் வைத்துத் தொட்டு, கெண்டையில் உள்ள சோலியஸ் தசைக்கோ, கட்டைவிரலை மடக்கும் தசைக்கோ போகும் இயக்கக் கிளையைத் தேடுவார்கள். டிபியல் நரம்பைப் பெரும்பாலும் இந்தத் தசைகளுக்குத்தான் திருப்பிவிடுவார்கள். ஆழப் பெரோனியல் முன்பக்க டிபியாலிஸ் தசைக்கு, மேல் பெரோனியல் பக்கவாட்டுப் பெரோனியஸ் தசைக்கு. சூரலும் சஃபினஸும் உணர்ச்சி நரம்புகள்தான் என்றாலும் அவற்றையும் ஒரு தசைக் கிளையோடு சேர்க்கலாம். கிடைத்த கிளையைத் தசைக்குள் நுழையும் இடத்துக்கு மிக அருகில், 1 சென்டிமீட்டருக்குள் வெட்டுவார்கள். தசையோடு ஒட்டி நிற்கும் துண்டை நீளமாக விட்டால் இழைகள் தசையை எட்ட அவ்வளவு நாள் கூடுதலாக ஆகும்.

சிக்கலான கட்டம் தையல்தான். டிபியல் நரம்பு பென்சில் பருமன் இருக்கும். தசைக் கிளையோ நூல்கண்டின் நூல் போல 1 முதல் 2 மில்லிமீட்டர். ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைக்க வழியில்லை. பெரிய நரம்பின் நடுவில் சிறு கிளையின் வாயைப் பொருத்தி, தலைமுடியைவிட மெல்லிய 8-0 நைலானால் இரண்டு மூன்று தையல் போட்டு, சுற்றியிருக்கும் தசையை மேலே போர்வை போல இழுத்து மூடித் தைப்பார்கள். சிறு கிளைக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டில் தப்பும் இழைகள் அந்த நரம்பில்லாத தசையிலேயே இறங்கும். இந்தப் போர்வையை விட்டுவிட்டால் தைத்த இடத்திலேயே புதிய முடிச்சு வரும். கடைசியாக முழங்காலை முழுக்க நீட்டிப் பார்த்து, தையல் இழுபடுகிறதா என்று சோதிக்க வேண்டும். மடக்கிய நிலையில் தளர்வாகத் தெரிவது நீட்டியதும் விறைத்துவிடும்.

கிளை கிடைக்காதபோது இன்னொரு வழி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பால் செடர்னா குழு வளர்த்தது. உடலிலிருந்தே ஒரு துண்டு தசை எடுத்து, ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளம், 1.5 சென்டிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் கனத்தில், நரம்பின் நுனியைச் சுற்றி மடித்துத் தைத்துவிடுவார்கள். கனம் கூடினால் நடுவில் ரத்தம் எட்டாமல் தசை செத்துவிடும். ஆகவே பெரிய துண்டு வைத்தால் நல்லது என்று நினைக்கக் கூடாது. இதை ஆர்பிஎன்ஐ என்பார்கள். சில மருத்துவர்கள் இரண்டையும் ஒரே காலில் சேர்த்தே செய்கிறார்கள்.

இனிமேல்தான் கால் எடுக்கப்போகிறார்கள் என்றால், அதே அறுவையில் இதையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். நரம்புகள் அப்போதே திறந்து கண் முன்னால் இருக்கும், தழும்பும் இராது. இரண்டாவது முறை மயக்கம் கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோயில் புண் புரையோடி அவசரமாக எடுக்கும்போது சீழ் இருந்தால் அன்றே முடியாது. சீழ் அடங்கிக் காயத்தை மூடும் இரண்டாம் கட்டத்தில் செய்யலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரண்டு வாரம் அறுவைக் காயத்தின் வலி, வீக்கம். தையலை 14 முதல் 21 நாளில் பிரிப்பார்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்காதீர்கள். இதமாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால் செயற்கைக்கால் போடுவது பெரும்பாடு. காயம் காய்ந்ததும் மருத்துவர் சொன்ன நாளிலிருந்து இறுக்க உறை போட வேண்டும். பேண்டேஜ் சுற்றுவதாக இருந்தால் நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் எட்டு வடிவில் சுற்றுங்கள். மேலே இறுக்கினால் நுனி வீங்கி நீலம் பாயும். செயற்கைக்கால் மறுபடி போட 4 முதல் 6 வாரம் ஆகும்.

பலரும் பயந்துபோவது அதற்கிடையில் வரும் ஒரு கட்டத்தில். இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டாவது மாதம் வரை வலி அறுவைக்கு முன் இருந்ததைவிடக் கூடலாம். இல்லாத பாதம் எரியும், விரல் முறுக்கும். நரம்பைப் புதிதாக வெட்டியிருக்கிறார்கள், அது மீண்டும் முளைக்கிறது. அறுவை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. இதை முன்கூட்டியே வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவையுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். கபாபென்டினோ பிரீகாபலினோ சாப்பிட்டுவந்தால் இந்தக் கட்டத்தில் நிறுத்தவே கூடாது. பிறகு வலி குறைந்தாலும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் தூக்கமின்மை, படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட வரும்.

காயம் ஆறியதும் தழும்பின் மேல் முதலில் பருத்தித் துணி, பிறகு டர்க்கி டவல் என வழவழப்பிலிருந்து சொரசொரப்புக்குப் போய், ஒரு நாளைக்கு மூன்று வேளை ஐந்து நிமிடம் தேயுங்கள். தோல் தொடுதலுக்குப் பழக வேண்டும். கண்ணாடிப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்தது அது. பீரோக் கண்ணாடி அளவுள்ள ஒன்றை இரு கால்களுக்கும் நடுவில் நீளவாக்கில் நிறுத்தி, நல்ல காலின் பிம்பம் இல்லாத கால் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படி உட்காருங்கள். விரலை மெதுவாக மடக்கி நீட்டும்போது இரண்டு பக்கமும் மடக்குவதாக நினையுங்கள். நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம். தலைசுற்றினாலோ வலி ஏறினாலோ நிறுத்திவிட்டு மறுநாள் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

மூன்று நான்கு மாதம் போனதும் கெண்டைப் பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இல்லாத கட்டைவிரலை மடக்குவதாக நினைத்துப் பாருங்கள். கைக்கு அடியில் மெல்லிய துடிப்பு, பல்லி வால் துடிப்பது போல, தெரிய ஆரம்பிக்கும். நரம்பு தசைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அன்றிலிருந்து அந்த அசைவையே ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து முறை செய்யுங்கள். தசை பிடித்துக்கொள்கிற அளவுக்குச் செய்ய வேண்டாம்.

இயக்க நரம்பை வெட்டிய தசை இந்த மாதங்களில் சற்று மெலியும், அதனால் பழைய சாக்கெட் லொடலொடக்கும். சாக்ஸ் கூட்டிப் போட்டுச் சமாளித்து, மூன்று கூட்டியும் ஆடினால் புது சாக்கெட்டுக்கு அளவு கொடுங்கள். பிறகு துடிப்பு வலுத்து, தசை சாக்கெட்டுக்குள் குதித்துச் சிலருக்கு எரிச்சல் கொடுக்கும். அந்த இடத்தில் சாக்கெட்டைக் கொஞ்சம் விரித்துக் கொடுத்தால் போதும்.

சீழ், காய்ச்சல், ஓரம் கறுத்தல், தொடை திடீரென வீங்கி வலித்தல், மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கடைசி இரண்டும் ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

ஆறு மாதம் ஆகியும் நோட்டில் உள்ள எண் அசையவில்லை என்றால் பழைய படத்தை எடுத்து, பென்சிலால் மறுபடி தட்டிப் பாருங்கள். அதே இடத்தில், அதே விரலுக்கு ஓடினால் தைத்த இடத்தில் சிக்கல், இழுபட்டோ தழும்பேறியோ இருக்கலாம். வேறு இடத்திலிருந்து, வேறு பக்கம் ஓடினால் விட்டுப்போன நரம்பு. பெரும்பாலும் சூரலோ சஃபினஸோதான், மெல்லியவை என்பதால் கவனத்தில் நழுவுகிறவை. மறுபடி ஊசிச் சோதனை கேளுங்கள். குறைந்தால் அந்த ஒரு நரம்புக்கு மட்டும் சிறிய அறுவை செய்ய முடியும். எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தால் அவசரப்படாதீர்கள், முழுப் பலன் தெரிய 12 முதல் 18 மாதம் வரை ஆகும்.